புள்ளித்திட்டம்

மாங்குளம். தகரக் கொட்டகையில்
வரலாறு திருத்துகிறேன். நாற்பத்தாறு தாள்.

மகா அலெக்சாந்தர் எந்த ஆற்றோடு திரும்பினான்?
கனகராயன் ஆறு என்கிறான் ஒருத்தன்.
சிவப்புப் பேனையால் வெட்டினேன்.
ஆனாலும் மாரியில் எங்கட பாலத்தைக் கண்டிருந்தால்
திரும்பித்தான் இருப்பான்.

அடுத்தது:
மொகஞ்சதாரோ அழிந்ததற்குக் காரணம் மூன்று தருக.
வெள்ளம், வறட்சி, ஆறு திசைமாறியது.
காரணத்துக்கு இரண்டு புள்ளி.

சுட்டெண் முப்பத்தொன்று, பென்சிலால்:
"அழியேல்ல ரீச்சர்.
வீடு கிடக்கு, தெரு கிடக்கு, ஆக்கள்தான் இல்லை.
வெளிக்கிட்டிருப்பினம்.
முதல்நாள், பக்கத்து ஊர்மட்டும் எண்டு நினைச்சிருப்பினம்.
அங்க எழுநூறு கிணறாம்.
எல்லாத்தையும் இறைச்சுப் பாத்தவையோ?
தையல் மெசின் இருக்கும்."

புள்ளித்திட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
கிணறு இல்லை.

கூட்டல் போடாமல்
மேசைக்கடியில் செருப்பைத் தேடினேன்.
ஒலுமடுவில் எங்கட கிணறு
இன்னும் தூர்ந்தபடிதான்.
அடியில் என்ர சிங்கர்,
ஊசிக்குக் கீழே
யாரோ ஒரு பிள்ளையின் வெள்ளைச் சட்டை,
ஒரு கை மட்டும் பொருத்தி.