எண் மாறாது

செப்புக் கம்பியை ஜூலைக் கடைசியோடு
அறுக்கிறோம் என்று கடிதம் வந்தது.
புந்தா அரேனாஸில் ஜூலை என்றால்
காலை ஒன்பதுக்கும் விடியாது.
நாங்கள் ஹீட்டர் பழுது பார்க்கிறவர்கள்.
இரண்டு வேன், மூன்று ஆள்.
குழாய்ப் பக்கம் எலெயுத்தேரியோவும் அவன் மைத்துனனும்;
கணக்கும் தொலைபேசியும் நான்.

"இனிமேல் பேச்சு இணையத்தில்தானாம்,
எந்தக் கம்பெனி என்று நீயே பார், நெவென்கா"
என்று சொல்லிவிட்டு
ஒரு பள்ளிக்கூடத்து பாய்லருக்குள்
தலையை விட்டுக்கொண்டான்.

பார்த்தேன்.
முதல் கம்பெனிக்காரன் நாற்பது வசதி சொன்னான்.
பதினோராவதில் எனக்குக் கொட்டாவி.
விலையைப் பெரிதாகப் போட்டிருந்தான்,
வரியை எறும்பு எழுத்தில்.

சான்டியாகோக்காரி இனிப்பாகப் பேசினாள்:
"அழைப்பவர்களை வரிசைப்படுத்தலாம், சென்யோரா.
பராமரிப்புக்கு ஒன்று, கட்டணத்துக்கு இரண்டு,
எரிவாயு வாடை அடித்தால் மூன்றை அழுத்தச் சொல்லலாம்."
வாடையை ஏன் மூன்றாவதாக வைத்தாய் என்றேன்.
"முதலிலேயே வைக்கலாமே" என்று சிரித்தாள்.
வாடை அடிக்கிற வீட்டில்
எவளம்மா எண்ணை அழுத்திக்கொண்டு நிற்பாள்?

எண் என்றதும் வயிற்றைக் கலக்கியது.
பதினெட்டு வருஷமாக
இந்த ஊர் ஹீட்டர்களின் முதுகிலெல்லாம்
எங்கள் சீட்டு ஒட்டியிருக்கிறது.
சூட்டில் பெயர் உதிர்ந்துபோயிருக்கும்,
எண் மட்டும் நிற்கும்.
அதைக் கூடவே எடுத்துப்போகலாமா?
போகலாம் என்றார்கள் மூவரும்.
எத்தனை நாளில் என்றால்
மூவரும் இருமினார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது.
காற்று மின்கம்பத்தைச் சாய்க்கிற இரவில்தான்
எங்கள் மணி ஓயாமல் அடிக்கும்.
செப்புக் கம்பி தனக்கு வேண்டிய மின்சாரத்தைத்
தானே சுமந்து வந்தது.
இதற்கோ என் வீட்டுச் சுவர் ப்ளக் வேண்டும்.
ஊரே இருட்டில் பல் கிட்டிக் கிடக்கும்போது
நானும் ஊமை.
அதற்கொரு பேட்டரி வாங்கினேன்.
செங்கல் கனம், விலையும் கனம்.
எலெயுத்தேரியோவிடம் பாதி விலைதான் சொன்னேன்.

ஒரு வியாழக்கிழமை, விடிகாலை மூன்று மணிக்கு
அலாரம் வைத்து எழுந்து
மூன்று பேரையும் கூப்பிட்டேன்.
முதலாவதில் புல்லாங்குழல்.
இருபது நிமிஷம், ஒரே புல்லாங்குழல்.
இரண்டாவதில் ஓர் இயந்திரம்
என் அழைப்பு தனக்கு மிக முக்கியம் என்றது;
முக்கியம் என்றதோடு வைத்துவிட்டது.
மூன்றாவதில் யாரோ செருமினார்.
"ஒரு நிமிஷம், கெட்டில் கொதிக்கிறது" என்றார்.
தள்ளி வைக்கிற சத்தம் கேட்டது.
"சொல்லுங்கள்."
சொல்ல என்னிடம் பழுது எதுவும் இல்லை.
உங்கள் ஊரில் காற்றா என்று கேட்டேன்.
"இல்லை, மழை" என்றார்.

அவர்களே மூவரில் விலை அதிகம்.
குறையும் உண்டு:
குரல் அரை நொடி பிந்துகிறது.
நான் "ஆலோ" என்றால் அங்கேயும் "ஆலோ",
இருவரும் நிறுத்துவோம்,
இருவரும் மறுபடி தொடங்குவோம்,
ஒற்றைக் கதவில்
எதிரெதிரே வந்துவிட்ட இரண்டு பேர் மாதிரி.
மைத்துனன் கேலி செய்கிறான்.
எண் வந்து சேர இருபத்தாறு நாளாயிற்று.
அதுவரை வந்த அழைப்புகள் எங்கே போயினவோ,
எனக்குத் தெரியாது.

நேற்று இரவு ஒரு பெண்.
பெயரைச் சொல்லவில்லை,
மூச்சுதான் முதலில் வந்தது.
"அடுப்பறையில் என்னவோ வாடை."
எதையும் தொடாதீர்கள், விளக்கைப் போடாதீர்கள்,
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள் என்றேன்.
பிள்ளை இருக்கிறதா என்று நான் கேட்கவேயில்லை.

அரை நொடி.
இன்னும் ஓர் அரை நொடி.

கதவு திறந்தது போலும்.
காதை அடைத்துக்கொண்டு
காற்று.