முப்பத்தோராவது அறுப்பு

ஒன்றரைக் கிலோ குதிரை மசால் விதை என்றதும்
செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.
"குதிரை வச்சிருக்கீங்களா?"
இல்லைங்க. மூணு ஜெர்சி, ஒரு கடன்.

வலசையூரில் இருபது சென்ட்,
மூன்று வருஷம், வாய்ப்பேச்சுக் குத்தகை.
கடுகைவிடப் பொடி விதை
கஞ்சியில் நுண்ணுயிர்ப் பொட்டலம் கரைத்துப் புரட்டி
மணலோடு சேர்த்து வரிசையில் தூவினோம்.
அது ஐப்பசி.
எழுபத்தைந்து நாள் களை எடுத்தது நான்.
"இது பயிரா, பழிவாங்கலா" என்று கேட்டது மாதையன்.

அதற்குப் பிறகு எங்கள் காலண்டரில் மாதம் இல்லை,
அறுப்புதான்.
மகளுக்குக் காது குத்தியது நாலாவது அறுப்பில்.
பனியோடு மேய்ந்த செவலை
வயிறு தவிலாய் வீங்கிச் சாய்ந்தது ஏழில்.
கடலெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க நடத்தினோம்,
பிழைத்தது,
அன்றிலிருந்து வாடாத தழையை யாருக்கும் நான் போடவில்லை.
கிணறு பாறை காட்டிய கோடையில்
இரண்டு அறுப்பு கணக்கிலேயே இல்லை.

பத்துச் செடியில் ஒன்று ஊதா காட்டினால் அரிவாள்.
மிச்சமும் பூக்கட்டும் என்று பார்த்திருந்தால் தண்டு விறகு.
தரையிலிருந்து நாலு விரல் விட்டு அறு.
காய்வதை உச்சி வெயிலில் புரட்டினால்
இலையெல்லாம் மண்ணுக்கு, குச்சிதான் மாட்டுக்கு.
சேர்வராயன் முதுகில் வெளிச்சம் விழுமுன்
பனி ஈரத்தில் புரட்ட வேண்டும்.
ஏற்காட்டுக்குப் போகும் முதல் பஸ்ஸின் விளக்கு
வளைவில் தெரியும்போது
கடைசிக் கத்தையில் என் கை இருக்கும்.

பதினெட்டில் அம்மையார் கூந்தல் வந்தது.
மஞ்சள் நூல், வேரில்லை, இலையில்லை,
அடுத்தவன் தண்டில் சாப்பாடு.
வைக்கோல் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி
வட்டமாக எரித்தோம்.
கரிந்த இடத்தில் மறுபடி விதைத்தேன்.
இரண்டு தடவை. மூன்று தடவை.
முளைப்பது போல வந்து மஞ்சளாகிப் படுத்துவிடும்.

கால்நடை டாக்டர் குனிந்து பார்த்துச் சொன்னார்:
வேர்விட்ட பழைய செடி
தன் இனத்து விதையைத் தன் பக்கத்தில் எழ விடாதும்மா.
மாதையன் சிரித்தான்.
"எங்கப்பனோட சாதிங்க."
மூக்கனேரிப் பக்கம் அவர் நிலம் இன்னும் அப்படியே இருக்கிறது.
நாங்கள்தான் இங்கே இருக்கிறோம்.

முப்பதாவது அறுப்பன்று
சீலநாயக்கன்பட்டியிலிருந்து குலோத்துங்கன் சார் வந்தார்,
வண்டியிலிருந்து இறங்கவில்லை.
"ஐப்பசியோட விட்டுருங்க. மரவள்ளி போடறேன்."
இன்னும் ஒரு வருஷம் தாங்கும் சார், என்றேன்.
பைப் பதிக்கக் குழி வெட்டினப்போ
இவர் தோள் மட்டம் இறங்கியும்
வேர் நுனி கிடைக்கலை சார்.
கொஞ்ச நேரம் யோசித்தார், பொய் சொல்லக் கூடாது.
"வேருக்கெல்லாம் பத்திரம் இல்லம்மா" என்றார்.

முப்பத்தொன்று.
கத்தைகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்த மாதையன்
நான் அறுத்த தாளைப் பார்த்துவிட்டு வந்தான்.
"நாலு விரல் விட்டிருக்கியே. யாருக்கு?"
கை பழகிப்போச்சு.
வியாழக்கிழமை டிராக்டர் வரும் என்றார்கள்.

வரவில்லை.
மழை பிடித்துக்கொண்டது, ஒரு மாதத்துக்கு மேல்.
குப்பனூரில் வேறு காடு பிடித்து,
மாடு கட்ட முளை அடித்து,
தீபாவளிச் சீட்டை எடுத்து விதை வாங்கி
அயோத்தியாப்பட்டணம் பஸ்ஸில் போகும்போதுதான்
ஜன்னலில் பார்த்தோம்:

இருபது சென்ட்டும் ஊதா.
எரித்த வட்டம் மட்டும் கோரைப்புல்,
மற்றதெல்லாம், வரப்பு முட்ட, ஊதா.
மேலே தேனீயா, தூறலா, தெரியவில்லை.
மூன்று வருஷமாக அந்த நிறத்தை
பத்தில் ஒன்றாகத்தான் பார்த்திருந்தோம்.

பஸ் தாண்டும்வரை மாதையன் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான்.
பிறகு விதைப் பையை மடியில் சரிசெய்தான்.
"தண்டு முத்திருச்சு" என்றான்.
"மாடு தொடாது."