எட்டு போல்ட்

கோட்டூர் சாலைத் தவிட்டெண்ணெய் ஆலையில்
இரண்டாம் ஷிஃப்ட் முடிந்தபின்
துணியும் டார்ச்சுமாக
விளக்குகளின் தகடுகளைப் படித்து வருகிறேன்.
நாளை மறுநாள் இன்ஸ்பெக்டர்.

பிசுக்கைத் துடைத்தால் எழுத்து எழும்:
எக்ஸ் டி. டூ ஏ. டி த்ரீ.
ஐ.டி.ஐ.யில் இதை ஒப்பித்து
ஏழு மார்க் வாங்கியிருக்கிறேன்.

இந்தப் பெட்டி
வெடிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை.
வெடித்தால் உள்ளுக்குள் வெடித்துக்கொள்கிறேன் என்கிறது.
மூடிக்கும் உடம்புக்கும் நடுவே
இரும்போடு இரும்பு ஒட்டிய முடியிழைச் சந்தில்
நெருப்பு வரத்தான் வரும்.
வரும் வழியெல்லாம் சூட்டைத் தொலைத்து
வாசலில் வெறும் காற்றாக நிற்கும்.
அங்கே பெயின்ட் ஆகாது, ரப்பர் ஆகாது.
நல்லெண்ணத்தில் வைத்தாலும் ஆகாது.

ஹெக்ஸேன் கனத்த ஆவி.
கேபிள் பள்ளத்தில் இறங்கித் தாழ்ந்த இடம் தேடும்.
ஆடி முடிந்தும் முறைத்தண்ணீர் எட்டாத
கடைமடை எங்கள் ஊர்.
இது மட்டும்
யாரும் மடை திறக்காமலே வந்து சேரும்.

திருச்சி சப்ளையர் பெஞ்சமின் கொண்டுவந்த
புது விளக்கில் டி டூ.
"மூணைவிட ரெண்டு கம்மிதானே மேடம்,
சூடும் கம்மியாத்தான் இருக்கும்."
இந்தக் கணக்கு தலைகீழ்.
எண் ஏற ஏற உடம்பு குளிரும்.
டி டூ முந்நூறு டிகிரி வரை காயலாம்;
ஹெக்ஸேனுக்கு அவ்வளவு வேண்டாம்,
பொறியும் வேண்டாம்,
இருநூற்று முப்பதில் தானே பற்றும்.
திருப்பி அனுப்பிவிட்டேன்.
விலை வித்தியாசம் நாலாயிரத்துச் சொச்சம்.

பம்ப் அறை. ஆறாவது விளக்கு.
போல்ட்டுகளை விரலால் எண்ணுகிறேன்.
ஏழு.
எட்டாவது ஓட்டையில் கட்டுக்கம்பி.
முறுக்கி, நுனி மடக்கி,
யாரோ அக்கறையாகக் கட்டியது.

ஏழு போல்ட் பாதுகாப்பு என்று
ஒரு வகை கிடையாது.

பதிவேட்டைப் புரட்டினேன்.
போன மாதம் பதினெட்டு:
'எட்டும் உள்ளது.'
ரா. அபிராமவல்லி.
என் சுழிதான், என் பச்சை மைதான்.
அன்று தங்கைக்கு நிச்சயம், நாலரை பஸ்.

லைனை நிறுத்தச் சொன்னேன்.
"வாசல்ல பதினோரு லாரி நிக்குது,
தவிடு நாளைக்குக் கசந்துடும்மா" என்றார்
மேனேஜர் ஜெகபர் அலி.
கசக்கும்தான்.
சுவிட்சை அவரே இறக்கினார்.

ஸ்டோரில் டப்பா டப்பாவாகக் கொட்டித் தேடுகிறேன்
அதே நீளம், அதே கிரேடு.
கம்பியைப் பையில் போட்டுக்கொண்டேன்.
கட்டியவர் யாரென்று
இன்னும் கேட்கவில்லை.
கேட்டால்
எண்ணியவர் யாரென்று
அவரும் கேட்பார்.