இரண்டு எண்கள்

என் மகளுக்கு இரண்டு எண்கள்.
வலது மணிக்கட்டில் தொண்ணூற்று மூன்று.
இடது பாதத்தில் எழுபத்தொன்று.
மூன்று கிலோகூட இல்லாத உடம்புக்குள்
எப்படி இரண்டு ஊர் ரத்தம் என்று கேட்டேன்.

நர்ஸ் ஓயார்சோ கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து
வரைந்து காட்டினாள்.
உதரவிதானத்தில் ஓட்டை.
அது வழியே குடல் ஏறி
நெஞ்சில் குடித்தனம் நடத்துகிறது.
இடது நுரையீரல் என் கட்டைவிரல் நகம் அளவு.
இரண்டு பக்கமும் நாளங்கள்
வாயை இறுக்கிக்கொண்டுவிட்டன.
போக்கிடமில்லாத ரத்தம்
கருப்பையில் பழகிய குறுக்குவழியில் புகுந்து
காற்றின் முகம் பாராமலே
காலுக்குப் போய்ச் சேர்கிறது.

புரிந்தது.
நான் ஜலசந்தியைக் கடக்கும் பெர்ரியில் வடம் கட்டுகிறவன்.
புந்தா அரெனாஸில் காற்று எழுந்தால்
துறையை மூடிவிடுவார்கள்.
லாரிகள் வரிசையில் நிற்கும், உள்ளே ஆடுகள் கத்தும்,
யாரைத் திட்டியும் பயனில்லை.
நடப்பவர்கள் பற்றிக்கொள்ளத் தெருவில் கயிறு கட்டும் ஊர் அது.
அங்கே பிறந்தவளுக்கு
ஒரு மடக்குக் காற்று இல்லை.

விமானத்தில் சாந்தியாகோவுக்குக் கொண்டுவந்தோம்.
இங்கே மரத்தில் இலைகூட அசையவில்லை.

"ஓட்டையைத் தைப்பது பெரிதல்ல," என்றார் டாக்டர்,
"நாளங்கள் தணியட்டும்."
அதுவரை
தொடாதீர்கள். பேசாதீர்கள். கதவை மெல்ல.

ஒரு முறை தொட்டேன்.
ஒரே விரல், உள்ளங்காலில்.
ஐம்பத்தெட்டு.
மணி அலறியது, யாரோ என்னை நகர்த்தினார்கள்.
அன்றிலிருந்து கைகளைத்
தொடைக்கடியில் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
மிலென்கா என்று
வாய்க்குள் மட்டும் சொல்லிப் பார்க்கிறேன்.
அட்டையில் இன்னும் 'மான்சில்லா, பெண்' என்றுதான் இருக்கிறது.

யாஸ்னா அங்கேயே, வயிற்றுத் தையலோடு,
பாலைப் பீய்ச்சி உறைய வைத்துக்கொண்டு.
போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்:
வித்தியாசம் எவ்வளவு?
இருபத்திரண்டு.
இருபது.
நேற்றிரவு நான்கு.
இருவருமே எதுவும் பேசவில்லை,
பேசினால் அதுவும் கேட்டுவிடுமோ என்று.

ஏழாம் நாள் தைத்தார்கள்.
குடல் வீடு திரும்பியது.
சாயங்காலமே கால் மறுபடி சரிந்தது:
எண்பது, எழுபத்தாறு.
இது வரும் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள்.
சொல்லிவிட்டால் மட்டும் என்ன.
மூக்குக்குப் போகும் வாயுவை இன்னும் கொஞ்சம் திறந்தார்கள்.
ஓயார்சோ ஷிப்ட் முடிந்தும் கோட்டை மாட்டவில்லை.

விடியும் நேரம் யாஸ்னா:
"துறையைத் திறந்துவிட்டார்களா?"

இன்னும் இல்லை, என்றேன்.
கால் எண்பத்தெட்டு.
முன்வரிசையில் ஒரு லாரிக்காரன்
எஞ்சினைப் போட்டுவிட்டான்.