ஈரமானால் மட்டும்

அழைப்பு பதினொரு பக்கம்.
லாங்கென்தால் நகரின் கிழக்கு எல்லையில்,
தளபாடக் கிடங்குக்கும் பெட்ரோல் நிலையத்துக்கும் நடுவே
புதிதாய்ப் போட்ட சுற்றுவட்டம்.
அதன் வயிற்றில் ஒரு கலைப்படைப்பு வேண்டுமாம்.
விட்டம் பதினான்கு மீற்றர்.
செலவு எல்லாம் சேர்த்து நாற்பத்தையாயிரம் பிராங்.

எட்டாம் பக்கத்தில் வீதித் திணைக்களம் பேசுகிறது:
முழங்காலுக்கு மேல் உயரக் கூடாது.
அசையக் கூடாது. மின்னக் கூடாது.
மோதுகிற காருக்கு வலிக்கக் கூடாது.
சாரதியின் கண்ணை இழுக்கவே கூடாது.

நாலைந்து தரம் வாசித்தேன்.
பார்க்கக் கூடாத ஒன்றைச் செய்து தா என்று
பகிரங்கமாய்க் கேட்கிறார்கள்.
எனக்கு அது நியாயமாய்த்தான் பட்டது.
பகலில் பல் ஆய்வுக்கூடத்தில் வேலை.
பீங்கான் மாவைக் குழைத்து, சுட்டு, நிறம் கூட்டி
பக்கத்துப் பல்லிலிருந்து பிரித்தறிய முடியாதபடி
ஒரு முன்பல் செய்வேன்.
கண்ணுக்குத் தெரிந்தால் திருப்பி அனுப்புவார்கள்.

இதற்கு முன் ஏழு விண்ணப்பம்.
பள்ளிக்கூடச் சுவர், நூலகப் படிக்கட்டு,
ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடம்.
நேர்முகத்தில் ஒவ்வொரு தரமும் அன்பாகவே கேட்டார்கள்,
"இதில் உங்கள் ஊர் எங்கே இருக்கிறது?"
ஒருவர் காற்றில் விரலால் கோலம் போட்டே காட்டினார்.
புள்ளி வைக்காமல் தொடங்கினார்.
என் ஊர் ஹுட்வில், என்றேன். ரயிலில் அரை மணி.
சிரித்தார்கள். நானும்.

இந்தத் தரம் பெயரில்லாப் போட்டி.
வரைபடத்தின் மூலையில் ஒரு சங்கேதச் சொல் மட்டும்;
பெயரும் விலாசமும் ஒட்டிய உறைக்குள்.
தபாலில் போட்ட நாள் டீன்ஸ்டாக், செவ்வாய்.
அதையே எழுதினேன்.

யோசனை இவ்வளவுதான்:
வெறும் சாம்பல் கொங்கிரீட் தளம்.
அதில் தண்ணீர் ஒட்டாத பூச்சினால்
சப்பாத்துத் தடங்கள், அளவு முப்பத்தேழு, இருபத்திரண்டு அடி.
எல்லோரும் சுற்றிப் போகிற இடத்தை
ஒரு ஆள் நேரே குறுக்கறுத்துப் போன மாதிரி.
வெயிலில் ஒன்றுமில்லை.
மழை விழுந்து தளம் கறுத்தால்
தடங்கள் மட்டும் வெளிறி நிற்கும்.

நடுவர் அறிக்கை வந்தது.
"டீன்ஸ்டாக்: சிக்கனமான, கூச்சமுள்ள வேலை.
இந்த நிலத்தின் மூடுபனியை அறிந்த கை.
தலைமுறைகளாய் இங்கே நடந்த ஒருவரின் நிதானம்.
முதலிடம், ஏகமனதாக."

பிறகு உறையைக் கிழித்திருக்கிறார்கள்.
அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி
அறிக்கையில் வரி இல்லை.

செயலாளர் ஃப்ராவ் ஏபெர்சோல்ட் தொலைபேசியில்
என் பெயரை மூன்று விதமாய்ச் சொல்லிப் பார்த்து
மிகவும் மகிழ்ச்சி என்றார், கொஞ்சம் கூடுதலாகவே.
"திறப்பு விழாவில் அந்தத் தடங்களின்
பண்பாட்டுப் பின்னணி பற்றி நீங்கள் ஏதாவது..."
அது என் மழைச் சப்பாத்து, என்றேன்.
மலிவு விற்பனையில் வாங்கினது.

பொறியியலாளர் சான்றிதழ், காப்புறுதி,
போக்குவரத்தை மறிக்க இரண்டு பேர்,
பூச்சு, பூச்சுக்கு உத்தரவாதம்.
கழித்துப் பார்க்க எனக்கு மிஞ்சியது
பதினான்கு மாதத்துக்கு மூவாயிரத்து நூறு.

ஒக்டோபர் ஒன்பது, இரவு ஒரு மணி முதல் ஐந்து வரை
வட்டத்துக்குள் நிற்க அனுமதி.
மஞ்சள் மேலங்கி, நெற்றியில் விளக்கு.
தகட்டை வைத்து வைத்துப் பூசிக்கொண்டே போனேன்.
கடைசி அடி காய்ந்தபோது மறுகரையில் நின்றேன்.
ஐந்துக்குக் கூம்புகளைத் தூக்கினார்கள்.
இனி அங்கே கால் வைத்தால் தண்டம்,
எனக்கும் சேர்த்துத்தான்.

என்னிடம் லைசென்ஸ் இல்லை.
பார்க்க வேண்டுமென்றால் நாற்பத்தொன்றாம் பஸ்.
முக்கால் வட்டம் சுற்றித்தான் தொழிற்பேட்டைக்குத் திரும்பும்.
இடப்பக்க ஜன்னல், ஒன்பது விநாடி.
மூன்று வாரமாய் வானம் பளிச்சென்று கிடந்தது.
உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒருவர் கடிதம் போட்டார்:
வெறும் கொங்கிரீட்டுக்கு நாற்பத்தையாயிரமா?

நேற்று ஒரு கடைவாய்ப் பல்லின் பாதியில்
கூரைத் தகட்டில் முதல் துளி விழுந்தது.
கையுறையைக் கழற்றாமலே ஓடினேன்.
பஸ்ஸில் முன் இருக்கைப் பையன்
ஜன்னல் ஆவியைத் துடைத்துவிட்டு,
"அம்மா, யாரோ நடுவால் நேரே போயிருக்கிறார்கள்."
"போகக் கூடாது" என்றாள் அவள்,
போனிலிருந்து நிமிராமல்.
எட்டு. ஒன்பது.
பஸ் திரும்பியது.