நாய் எங்கே?

ஹான்காக்கில் நவம்பர் முடிவதற்குள்
பனி ஜன்னலில் பாதி ஏறிவிடும்.
மீதிப் பாதியில்தான் மூன்றாம் வகுப்பு
வெளியுலகைப் பார்க்கும்.

இன்றைய பாடம் உய்த்துணர்தல்.
பெரிய சொல். பலகையில் எழுதினால்
ஒரு வரியைத் தனியாகத் தின்றுவிடுகிறது.
எழுதாததைப் படிப்பது, என்றேன்.
மார்லிஸ் கை தூக்கினாள்:
"எழுதவே இல்லைன்னா டீச்சர்,
அதுல எழுத்துப்பிழை வருமா?"
வராது என்றேன்,
அவ்வளவு உறுதியாக இல்லை.

ஜன்னலைக் காட்டினேன்.
கால்வாய்ப் பக்கம் பெல்டோலா வீட்டுக் கொல்லையில் புகை.
என்ன தெரிகிறது?
"நெருப்பு."
"சௌனா," என்றான் ஈனோ. "ஆனா அவர்
சனிக்கிழமைதான் சௌனா மூட்டுவார். இன்னிக்குச் செவ்வாய்.
யாரோ விருந்தாளி வந்திருக்காங்க.
தூரத்திலேருந்து. உடம்பு விறைச்சுப் போய்."
புகையிலிருந்து நெருப்பு வரைக்கும்தான்
நான் வழி போட்டு வைத்திருந்தேன்.
அவன் விருந்தாளியின் பெட்டியைத் திறந்து
துண்டை எடுக்கும் தூரம் போய்விட்டான்.

பிறகு பக்கம் நாற்பத்தொன்று. ஐந்தே வரி.

    ஐடா கதவருகே பூட்ஸ் மாட்டினாள்.
    கிண்ணத்தில் தீனி அப்படியே இருந்தது.
    ஆணியிலிருந்து வாரை எடுத்தாள்.
    கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள்.
    திரும்ப மாட்டினாள்.

நாய் என்ற சொல்லே இதில் இல்லை.
ஆனாலும் பதினெட்டுப் பேரும் நாயைப் பார்த்தாயிற்று;
இரண்டு பேர் அதன் நிறத்துக்குச் சண்டை.

சரி, நாய் எங்கே?
"செத்துப்போச்சு." முதல் வரிசை.
முதல் வரிசைக்கு எந்தக் கதையிலும் சாவுதான்.
"ஓடிப்போச்சு."
"ஊசி போடக் கூட்டிட்டுப் போயிருக்காங்க."
ஆதாரம் எங்கே, விரலை வை, என்றேன்.
விரல்கள் எழுத்தின்மேல் ஊர்ந்து ஊர்ந்து
ஏதுமில்லாத வெள்ளையில் வந்து நின்றன.

விடைப்புத்தகம் என் மடியில்:
நாய் தொலைந்துவிட்டது. இரண்டு மதிப்பெண்.

கடைசி மேசையில் ஆர்லோ நியெமி
தலையைத் தூக்காமலே சொன்னான்:
"அது அப்பா வீட்டில இருக்கு."

யாரும் எதுவும் சொல்லவில்லை.

"நாய்க்கு இது அப்பா வாரம். ஐடாவுக்கு இல்ல.
ரெண்டு வீட்டிலயும் யாராவது இருக்கணும்ல.
கிண்ணத்துல அம்மா மறந்துபோய்ப் போட்டுட்டாங்க.
காணாமப் போயிருந்தா
வாரைக் கையோட எடுத்துட்டுத்தானே தேடப் போவா?
மாட்டிட்டாளே.
அங்க வேற வார் இருக்கு."

விரலை வை என்று நான் சொல்லவில்லை.
ஐந்து வரியிலும் அவன் விரல் ஏற்கெனவே
ஒவ்வொன்றாக வைத்து எடுத்திருந்தது.

செப்டம்பரிலிருந்து அவன் கொக்கியில்
ஒரு வாரம் நீல டப்பா, ஓரம் வெட்டிய முக்கோண ரொட்டி.
மறு வாரம் பெட்ரோல் பங்க்கில் வாங்கிய பாஸ்டி,
எண்ணெய் ஊறிய காகிதப் பை.
மாறி மாறி.
நானும் தினமும் அதைக் கடந்துதான்
கோட்டைக் கழற்றி மாட்டுகிறேன்.
பதினொரு வருடமாக இந்தப் பாடம் எடுக்கிறேன்.

இரண்டு மதிப்பெண் போட்டேன்.
அந்தக் கட்டத்தில் அதற்குமேல் எழுத இடமில்லை.

மணி அடித்தது. பனிக் கால்சட்டைகளின் சரசரப்பு,
ஜோடி பிரிந்த கையுறைகள், ஒரே மூச்சிரைப்பு.
ஆர்லோவின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது.
மார்லிஸ் குனிந்து அதை இழுத்துவிட்டபடி கேட்டாள்:
"பேர் என்ன?"
"ஐடாவோட நாய்க்கா?"
"இல்ல."

அவன் ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"லான்ட்டு," என்றான்.
"ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும்."