எட்டுப் புள்ளி இரண்டு

முதலாமாண்டு, மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்.
சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குவதால்
தெருவில் "ரத்தம் எடுக்கிற படிப்பு" என்கிறார்கள்.
அம்மா மட்டும் கல்யாண வீடுகளில்
"டாக்டருக்குப் பக்கத்துலதான்" என்கிறாள்.

எங்கள் வகுப்பில் பாதிப்பேர்
கட்-ஆஃப் கிடைக்காமல் வந்தவர்கள்.
மீதிப்பேர் பஸ் வசதி பார்த்துச் சேர்ந்தவர்கள்.
காவேரியம்மாள் எதிலும் சேர்த்தியில்லை.
நாகலூருக்கு அப்பால் ஒரு காபிக் காட்டிலிருந்து
முதல் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி
கல்லூரி வாசலில் நிற்பாள்,
தரை நிற்கட்டும் என்று.

செவ்வாய்க்கிழமை ஜோடி பிரித்தபோது
எனக்கு வாய்த்தது அவள் கை.

நரம்பு எங்கே?
புத்தகத்தில் நீல மையில் தடிமனாக ஓடி
அம்புக்குறியும் போட்டிருந்த நரம்பு
இந்தக் கையில் இல்லை.
தட்டினேன். தேய்த்தேன்.
முஷ்டியை மடக்கச் சொன்னேன்.
முதல் குத்து வெறும் தோல்.
இரண்டாவதில் ஊசியைவிட நான் அதிகம் நடுங்கினேன்.

"வளைவை எண்ணிக்கிட்டே குத்து புள்ள,
வாந்தி வராம இருக்க நான் அப்படித்தான் எண்ணுவேன்."

இருபது. பத்தொன்பது. பதினெட்டு.
பதினான்காவது வளைவில்
சிரிஞ்சுக்குள் மெல்ல எட்டிப் பார்த்தது.

சாலி முறை.
குழாயில் அமிலம், அதில் இருபது மைக்ரோலிட்டர் ரத்தம்.
பத்து நிமிடம்.
சிவப்பு செத்துப் பழுப்பாகும்.
இருபுறமும் பழுப்புக் கண்ணாடிகள், நடுவில் அவள்.
நிறம் ஒத்துப்போகும்வரை
சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும்.
எத்தனை தண்ணீர் தாங்குகிறதோ
அத்தனைக்கு இருக்கிறது உள்ளே.

குனிந்து பார்த்துவிட்டு அவளே சொன்னாள்:
"இது ரெண்டாம் டிகாக்‌ஷன்."

காபி தெரிந்தவள். தப்பவில்லை.
சீக்கிரமே ஒத்துப்போய்விட்டது.
எட்டுப் புள்ளி இரண்டு.

சுவர் அட்டவணையில்
பெண்கள் பன்னிரண்டிலிருந்து தொடங்குகிறார்கள்.
பக்கத்து மேஜையில் பதிமூன்று.
அதற்கடுத்ததில் பதிமூன்று புள்ளி இரண்டு.
போன வருடத்து ரெக்கார்டிலிருந்தும்
அதற்கு முந்தைய வருடத்து ரெக்கார்டிலிருந்தும்
இறங்கி வந்த பதிமூன்றுகள்.
அந்த நோட்டுகளின்படி எங்கள் கல்லூரியில்
ஒருத்திக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

"பன்னெண்டரைன்னு போட்டுடு" என்றாள்.
"வீட்டுக்குப் போன் போச்சுன்னா
சீக்காளிப் புள்ளைக்கு என்னாத்துக்குப் படிப்புன்னுருவாரு அப்பா."

டிராப்பர் என் கையில் இருந்தது.
கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான்.
மட்டம் ஏறும். கோடு பன்னிரண்டைத் தொடும்.
நிறம் வெளுக்கும்,
நிறத்தை யார் பார்க்கப் போகிறார்கள்.

ஜன்னலுக்கு வெளியே இரும்பாலை பஸ் போனது.
அந்தப் பக்கம் கஞ்சமலை,
உடம்பெல்லாம் இரும்பு என்பார்கள்.

டிராப்பரைக் கழுவிக் கவிழ்த்தேன்.
எட்டுப் புள்ளி இரண்டு என்று
பேனாவால் எழுதினேன்.
அவள் தன் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு
கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை
நாற்பத்தேழு நோட்டுகள் மேஜையில்.
மேடம் ஒரு கையால் புரட்டினார்,
கையெழுத்து, தேதி, அடுத்தது.
இன்னொரு கையில் போன்,
யாருடைய டிசி பற்றியோ.
என் பக்கத்தில்
எட்டுப் புள்ளி இரண்டுக்கு நேராக
சிவப்பு மையில் ஒரு டிக்.

காவேரியம்மாள் எட்டிப் பார்த்தாள்.
"பாத்தியா, சரின்னுட்டாங்க."
மூன்று நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை.

அடுத்தது நுண்ணுயிரியல், மூன்றாவது மாடி.
இரண்டாவதின் பாதியிலேயே நின்றாள்,
கைப்பிடிச் சுவரைப் பிடித்து,
எதையோ மறந்தவள்போல.
மேலே மணி அடித்தது.
நானும் நின்றேன்,
குனிந்து,
அறுந்துபோகாத செருப்பு வாரை
நிதானமாகச் சரிசெய்துகொண்டு.